சுவர் இல்லாத கல்லறை மாடத்தில் ஒன்பது வாரம்

மேல்மண்ணை ஜேசிபி வழித்து எடுத்த முதல் நாள் காலையில் எங்கள் கண்ணில் பட்டது கட்டடம் இல்லை. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறைத் தரையில் பழுப்பு நிறத்தில் ஒரு சதுரக் கோடு, அவ்வளவுதான். பக்கத்துக்கு ஏழு மீட்டர் இருக்கும். கோட்டின் அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் நடுவே மனித நீளத்துக்கு இன்னொரு பழுப்புத் திட்டு. கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ள எங்கள் மேற்பார்வையாளர் அந்தச் சதுரத்தைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து வந்து, "மாடம்தான். யாரோ முழுசாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்" என்றார்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், மேய்ச்சல் நிலம் ஒன்றில் நடந்த அகழாய்வு அது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. உலோகம் காட்டும் கருவியோடு இரவில் வந்து தோண்டுகிறவர்களின் தொல்லை இந்த நாட்டில் உண்மையானது. ஈயச் சவப்பெட்டி கிடைத்த இடம் என்று தெரிந்தால் மிச்சம் இருப்பதும் மிஞ்சாது. நான் கரூர்க்காரி. தொல்லியல் முதுகலை படிக்க இங்கே வந்து, படிப்பு முடிந்ததும் களப்பணியில் சேர்ந்தேன். இது எனக்கு நான்காவது ஆண்டு. புதைகட்டடம் ஒன்றை அடிமுதல் நுனிவரை தோண்டியது இதுதான் முதல் முறை. இந்த வேலைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் இது எப்படிப்பட்ட வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கல்லறை மாடம் என்றால் என்ன? நம்மூரில் பள்ளிப்படை என்றால் புரியும். இறந்தவர் மேல் எழுப்பி, இருப்பவர் வந்து வணங்கிப் போகும் கட்டடம். ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் இதற்கு அரசனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை, நிலமும் பணமும் இருந்தால் போதும். 2, 3ஆம் நூற்றாண்டுகளில் ரோமர்கள் எரிப்பதிலிருந்து மெல்லப் புதைப்பதற்கு மாறினார்கள். வசதியுள்ள குடும்பங்கள் ஊருக்கு வெளியே சாலையோரத்திலும், தங்கள் பண்ணை மாளிகைக்குப் பக்கத்திலும் இப்படி மாடம் கட்டிக்கொண்டன. கென்ட் பகுதியில் லல்லிங்ஸ்டோன் மாளிகைக்குப் பின்னால் உள்ள மேட்டில், கி.பி. 300 வாக்கில் எழுப்பியது ஒன்று இருந்தது. கோயில் போன்ற வடிவம், அடியில் ஆழமான குழி, அதில் ஈயப் பெட்டிகளில் ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும். கூடவே கண்ணாடிப் பாத்திரங்கள், விளையாட்டுக்கான 30 கண்ணாடிக் காய்கள். பெட்டிகளில் ஒன்று பழங்காலத்திலேயே கொள்ளை போயிருந்தது. பின்னாளில் அதே மேட்டில் ஒரு தேவாலயம் எழுந்து, அதுவும் இடிந்து போனது. லண்டனில் சதக் பகுதியில் 2023இல் வெளிப்பட்ட மாடத்தில் மொசைக் தரையும் நூற்றுக்கு மேற்பட்ட காசுகளும் இருந்தன. உடல் ஒன்றுகூட இல்லை. அதையும் இடைக்காலத்தில் பிரித்து எடுத்துவிட்டார்கள் என்றே கருதுகிறார்கள்.

அதாவது, முழுசாக நிற்கும் மாடத்தைத் தோண்டுவோம் என்று யாரும் கனவு காண வேண்டாம். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்தில் நல்ல கட்டடக் கல் அரிது. ரோமர் சுவர் என்பது பின்வந்தவர்களுக்கு வெட்டாமலே கிடைத்த கல் குவாரி. தேவாலயம் கட்ட, வீடு கட்ட, சுண்ணாம்பு நீற்ற என்று கடைக்கால் வரைக்கும் போய்க் கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். எடுத்த பள்ளத்தில் தங்களுக்கு வேண்டாத உடைந்த சாந்தையும் ஓட்டையும் தள்ளி மூடினார்கள். நாங்கள் பார்த்த பழுப்புச் சதுரம் அந்தப் பள்ளம்தான். கொத்தனார் பாஷையில் சொன்னால், சுவர் போய்விட்டது, வாணம் (கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளம்) பறித்த தடம் மட்டும் இருக்கிறது.

இங்கேதான் முதல் பாடம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கல்லை எடுத்தவர்கள் தோண்டிய பள்ளம் வேறு, முதலில் கட்டியவர்கள் தோண்டிய வாணம் வேறு. இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். புதியவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே குழியாக வழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கட்டடம் எப்போது கட்டப்பட்டது என்ற கேள்வி அன்றோடு செத்துப் போகும். கடைசியாக நடந்ததை முதலில் தோண்ட வேண்டும். கல் திருடியவரின் பள்ளத்தை மட்டும் காலி செய்து, வரைந்து, படமெடுத்து, உயரம் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சாந்துப் படுகையைத் தொடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் (தோண்டிய பள்ளம்) ஒவ்வொரு நிரப்புக்கும் (அதை மூடிய மண்) தனி எண், தனித் தாள். எது எதற்கு மேல், எது எதை வெட்டியது என்பதைக் கட்டம் கட்டமாகக் கோத்து எழுதும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தார். இன்றுவரை எங்களுக்கு அதுதான் வேதம்.

கையிலிருக்கும் கரணை சொல்வதைக் கேளுங்கள். நாலு அங்குலக் கூர்முனைக் கரணை, கொத்தனார் பூச்சு வேலைக்கு வைத்திருப்பதன் தம்பி. கொள்ளைப் பள்ளத்தின் மண்ணில் அது சரசரவென்று போகும். ஓட்டுத்துண்டில் பட்டால் கிணுக்கென்னும். அசல் சுண்ணாம்புப் பாறையில் பட்டதும் சத்தம் மழுங்கி, சாக்பீஸைச் சீவியதுபோல வெள்ளைப் பொடி ஒட்டும். ஆனால் பனியிலும் மழையிலும் ஆயிரத்தறுநூறு வருடம் ஊறிய பாறையின் மேல்தோல் குழைந்து, நிரப்பு மண் மாதிரியே ஏமாற்றும். மூன்றாம் நாள் நான் அப்படி ஏமாந்து, தென்மேற்கு மூலையில் பத்து சென்டிமீட்டர் அதிகமாக உள்ளே போய்விட்டேன். மூலை வட்டமாகிவிட்டது. செய்ததை மறைக்காமல் தாளில் எழுதினேன்: "இந்த விளிம்பு தோண்டியவரால் மிகையாக வெட்டப்பட்டது." தவறு செய்தால் எழுதிவிடுங்கள். எழுதிய தவறை வரைபடத்தில் திருத்திவிடலாம். எழுதாதது மூலையே வட்டம் என்ற பொய்யாக நூலகத்தில் உட்கார்ந்துவிடும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. பள்ளத்தின் நடு மட்டத்தில் ஒரு காசு கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செம்பு. எச்சில் தொட்டுத் துடைக்கக் கை துடித்தது, துடைக்கவில்லை (துடைக்கவே கூடாது, பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும்). சாய்ந்த வெயிலில் பிடித்தபோது இரண்டு படைவீரர்களும் நடுவில் ஒற்றைக் கொடிக்கம்பமும் தெரிந்தன. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு. ஒற்றைக் கம்பம் என்றால் 335க்குப் பிறகு அடித்தது. எனக்குக் கை நடுங்கியது. காரணம் வேறு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு தேடுகிறவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் மதுரை வைகையிலும் கிடைத்திருப்பவற்றில் 4ஆம் நூற்றாண்டின் இப்படிப்பட்ட சின்ன ரோமச் செப்புக் காசுகளும் உண்டு. ஒரே பேரரசின் சில்லறை, ஒரு முனையில் இங்கே, மறு முனையில் எங்கள் ஆற்றில். அந்த மகிழ்ச்சியில் தாளில் "கட்டடத்தின் காலம் 335 முதல்" என்று எழுதிவிட்டேன்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. "இந்த மண் எப்போது விழுந்தது என்று முதலில் சொல், காசு எப்போது அடித்தது என்று அப்புறம் சொல்லலாம்" என்றார். மறுநாள் அதே நிரப்பின் அடியில், காசுக்குக் கீழே, பச்சை மெருகு பூசிய குடத்தின் விளிம்பு ஒன்று வந்தது. அது இடைக்காலச் சரக்கு. மேலே ரோமக் காசு, கீழே இடைக்காலப் பானை. ஒரு மண்ணின் காலத்தை அதில் உள்ள ஆகப் பழைய பொருள் சொல்லாது, ஆகப் புதிய பொருள்தான் சொல்லும். என் காசு, கல் திருடியவர்கள் கிளறிய மண்ணோடு சேர்ந்து உருண்டு வந்தது. அது கட்டடத்தின் பிறந்த நாளைச் சொல்லவில்லை. கட்டடத்தின் சாவு நாளுக்குச் சாட்சியாக வந்தது அந்தப் பானை விளிம்பு. தாளை அடித்து எழுதினேன். கட்டிய காலத்துக்கு நம்பத் தகுந்த சான்று வேண்டுமென்றால், வாணத்தின் அடியில், இளஞ்சிவப்புச் சாந்துக்குள் சிக்கியதுதான் வேண்டும். அந்தச் சாந்து நம் பழைய கொத்தனார்கள் சொல்லும் சுர்க்கியேதான், செங்கல் பொடியும் சுண்ணாம்பும். அதில் இரண்டு வாளி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

வண்ணப் பூச்சுத் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளம் முழுவதும் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கிடந்தன, பெரும்பாலும் தபால் தலை அளவு. டார்செஸ்டருக்கு வெளியே பவுண்ட்பரி இடுகாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கு நடுவே நின்ற மாடங்களில், கோல் ஏந்திய மனிதர்கள் சுவரில் வரையப்பட்டிருந்ததை இப்படிப்பட்ட துண்டுகளைக் கோத்துத்தான் கண்டார்கள். லல்லிங்ஸ்டோன் மாளிகையில் கைவிரித்து வேண்டும் உருவங்களும் அப்படியே மீண்டு வந்தவை. ஆகவே அழகான துண்டை மட்டும் பொறுக்காதீர்கள். வெறும் வெள்ளைத் துண்டும் வேண்டும், அதன் முதுகும் வேண்டும். முதுகில் பிரம்பின் தடம் இருந்தால் அது கூரையிலிருந்து விழுந்தது, கல்லின் தடம் இருந்தால் சுவரிலிருந்து. குப்புற விழுந்த துண்டை அப்படியே படமெடுத்த பிறகு திருப்புங்கள். கழுவுவது ஆய்வகத்தின் வேலை, நம் வேலை அல்ல.

ஐந்தாம் வாரம் நடுக்குழிக்கு வந்தோம்.

இங்கே சட்டம் முன்னால் நிற்கிறது. மனித எலும்பைத் தொடுவதற்கு 1857ஆம் ஆண்டின் புதைப்புச் சட்டப்படி நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். சாலையில் போகிறவர்கள் பார்க்காதபடி மறைப்புக் கட்ட வேண்டும். எங்கள் குழுவில் குழிக்குள் இறங்கும் முன் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்துவிட்டது.

வீட்டில் இதைச் சொல்லாமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"பொணக்குழிக்குள்ளயா எறங்கற கண்ணு?"

"ஆமாம்மா. எலும்புதான். ரொம்பப் பழசு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வெளிய வந்ததும் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் சோறு திங்கோணும், தெரியுதா" என்றார்.

எங்கள் பாதுகாப்புத் தாளிலும் கிட்டத்தட்ட அதுவேதான் இருந்தது. ஈயம் அரித்து உண்டாகும் வெள்ளைத் தூள் விஷம். கையுறை, மூக்குக்கவசம், குழியை விட்டு ஏறியதும் கைகால் முகம் கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடக் கூடாது, வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. அம்மா சொன்னதை நான் ஒரு நாளும் மீறவில்லை.

குழியில் சவப்பெட்டி இல்லை. மரம் எப்போதோ மட்கிவிட்டது, உள்ளே போர்த்திய ஈயத் தகட்டைக் கொள்ளையர் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டிய இடத்தில் சுருண்ட ஈயச் சீவல்கள் நாலைந்தும், மண்ணில் பால் சிந்தினதுபோல ஒரு வெள்ளை ரேகையும் மிச்சம். ஆனால் ஆணிகள் இருந்தன. துருப்பிடித்து விரல் மொத்தத்துக்கு உப்பியவை. கால்பக்கத்தில் பதினொன்று, தலைப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிப் பையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய பாவம். ஒவ்வொரு ஆணியின் இடத்தையும் உயரத்தையும் எந்தப் பக்கம் முனை நோக்குகிறது என்பதையும் குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்படிக் குறித்த பதினொரு புள்ளிகளை அன்று மாலை படத்தாளில் கோடு போட்டு இணைத்தபோது, இல்லாத பெட்டியின் பாதி எழுந்து நின்றது. தலைப்பக்கம் ஆணியே இல்லாததால் கொள்ளையர் அந்தப் பக்கமாக உடைத்து இறங்கினார்கள் என்பதும் தெரிந்தது.

உடலும் அப்படியே. இடுப்புக்கு மேலே எல்லாம் மூலையில் குவித்துத் தள்ளப்பட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே யாரும் தொடவில்லை. நீட்டிய இரண்டு கால்கள், பாதங்கள். பாதங்களுக்கு அடியில் மிளகளவு இரும்புக் குமிழ்கள் நூற்றுக்கும் மேலே, இரண்டு உள்ளங்காலின் வடிவத்தில். செருப்பின் தோல் மட்கிப் போய், அடியில் அடித்த குமிழாணிகள் மட்டும் அந்த மனிதர் நின்ற வடிவத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தன. வலது குதிகாலின் வெளிப்பக்கக் குமிழ்கள் இடதைவிடத் தேய்ந்திருந்ததுபோல எனக்குப் பட்டது. ஊடுகதிர்ப் படம் வரும்வரை அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் நெடுநேரம் அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எலும்பு எடுப்பவர்களுக்குக் கைப்பழக்கமாக வர வேண்டியவை சில உண்டு. சுண்ணாம்பு மண்ணில் எலும்பு நன்றாகத் தங்கும், ஆனால் வெயில் பட்டால் ஒரு மணி நேரத்தில் வெடிக்கும், நிழல் கட்டுங்கள். எலும்பின் பக்கத்தில் இரும்பு வேண்டாம், களிமண் சிற்பிகள் வைத்திருக்கும் மரக்குச்சிகள் போதும். இடது கை, வலது கை, இடது பாதம், வலது பாதம் எல்லாம் தனித்தனிப் பைகள், விரல் எலும்பு கலந்துவிட்டால் பிரிக்கப் பெரும்பாடு. இடுப்புக் குழியின் மண்ணைத் தனியாக எடுங்கள், குடற்புழு முட்டைகள் அங்கேதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கத் தலைப்பக்க மண்ணும் வேண்டும். பற்களைத் தேய்த்துக் கழுவாதீர்கள். 1999இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஈயப் பெட்டியில் கிடைத்த இளம்பெண் ரோமில் வளர்ந்தவள் என்பதைப் பற்களின் வேதியியல்தான் காட்டியது.

தலை மேற்கே, கால் கிழக்கே. பார்க்க வந்த எல்லோரும் "அப்படியென்றால் கிறிஸ்தவரா?" என்றே கேட்டார்கள். திசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எல்லா நம்பிக்கைக்காரர்களையும் அப்படிப் படுக்க வைத்திருக்கிறார்கள். மாடத்தின் சுவர்த் தடமும் அதே திசைதான், உடலை வெறுமனே அந்தச் சுவருக்கு இணையாகக் கிடத்தியிருக்கலாம். சான்று இல்லாத இடத்தில் மதத்தை ஏற்றிவிடுவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். தாளில் திசையை மட்டும் பாகையில் எழுதினேன்.

கடைசி வாரம், குவித்துத் தள்ளிய எலும்புகளுக்கு அடியில் வெள்ளைக் கட்டி ஒன்று, உள்ளங்கை அளவு. முதலில் பாறைத்துண்டு என்றே நினைத்தேன். எடை குறைவாக இருந்தது. ஜிப்சம். வசதியுள்ளவர்களைப் புதைக்கும்போது, சுட்டுப் பொடித்த ஜிப்சத்தை நீரில் கரைத்து, துணி சுற்றிய உடலின் மேல் ஊற்றும் வழக்கம் பவுண்ட்பரியிலும் யார்க்கிலும் இருந்தது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் வார்க்கும் பாரிஸ் சாந்தும் இதே சரக்குதான். கட்டியைத் திருப்பினேன். குழிவான உட்பக்கத்தில் நெசவு. நூல் ஒன்றுகூட இல்லை, நூல் படுத்திருந்த தடம் மட்டும். ஒவ்வோர் இழையும் மேலும் கீழுமாகப் போய்வந்தது எண்ணிவிடும் துல்லியத்தில் இருந்தது.

என் அப்பா கைத்தறிக்காரர். நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவர். மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டேன். எலும்பும் இடமும் தெரியாமல் கட்டியை மட்டும் எடுத்த படம் என்றால் சரி என்றார். அனுப்பிய கால்மணி நேரத்தில் அப்பா கூப்பிட்டார். அவராக அழைப்பது அபூர்வம்.

"சாதா நெசவு கண்ணு. கையில நூத்த நூலு, பாரு, ஒரு எழ பெருசு, ஒரு எழ சிறுசு. பாவு நெருக்கமா இருக்குது, ஊடை கொஞ்சம் தளர்வு. நல்லாத் தெரிஞ்ச கைதான் போட்டிருக்குது." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடும் இழை. கொஞ்சம் நிறுத்தி, "செத்தவங்களுக்குப் புதுத்துணிதான போத்துவாங்க?" என்றார்.

தெரியவில்லை அப்பா, என்றேன்.

"கரை இருக்குதான்னு பாரு. அறுத்த துணியா, தறியில இருந்து எறக்குன முழுத்துணியான்னு அதுலதான் தெரியும்."

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்னே, கைவிளக்கைக் கட்டியின் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் தடம் எழும். இடது ஓரத்தில், உடைந்த விளிம்புக்குச் சற்று உள்ளே, ஊடை திரும்பி வளைந்த தடம். ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக ஏழு வளைவுகள், அவற்றை ஒட்டி இரண்டு பாவு இழைகள் சேர்ந்து ஓடிய தடித்த வரி. கரை. சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து, தொல்பொருளைப் பாதுகாக்கும் நிபுணருக்கான தாளில் "நெசவின் கரை தெரிகிறது, இடது ஓரம், ஏழு ஊடைத் திருப்பங்கள்" என்று எழுதி, கட்டியை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பிறகு கைகால் கழுவிக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.